கல்யாண வீடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: மலையகத்துக்கான முழு வழிகாட்டி

அக்காவின் கல்யாண வீடியோவில் எங்கள் அப்பாயி மொத்தமாக நான்கு செக்கன்தான் வருகிறார். விபூதி பூசக் கையைத் தூக்குகிறார், கொழுந்து பறித்தே கறுத்துப்போன விரல் நுனி தெரிகிறது, உடனே படம் வெட்டுப்பட்டு ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. ட்ரோன். மண்டபத்துத் தகரக் கூரையும் வெளியே நிற்கும் வேன்களும் முழுசாக ஒன்றரை நிமிடம் ஓடுகின்றன. அடுத்த மாசியில் அப்பாயி காலமானார். வீடியோக்காரரைக் குறை சொல்லி என்ன பயன், நாங்கள் அவரிடம் கேட்டதே இரண்டு கேள்விதான்: எவ்வளவு, ட்ரோன் இருக்கா?

அதற்குப் பிறகு தம்பி கல்யாணம், சித்தப்பா மகள் கல்யாணம் என்று இரண்டு தடவை இந்த வேலை என் தலையில் விழுந்தது. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இந்த வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் போய் இருக்கிற சொந்தம், கட்டாரில் லீவு கிடைக்காத அண்ணன், கொழும்பில் கடையை விட்டு வர முடியாத மாமா, இவர்கள்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். பெரியக்கா எவ்வளவு இளைத்துவிட்டாள், சண்டை போட்ட இரண்டு சித்தப்பாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா என்று தேடுவார்கள். ஸ்லோ மோஷனில் பொண்ணு நடந்து வருவதை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டிவிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன கேட்க வேண்டும் என்பது பாதி தானாகவே வந்துவிடும்.

எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது

முகூர்த்தம் குறித்த அன்றைக்கே தேடத் தொடங்குங்கள். ஆடியும் மார்கழியும் போக, மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தம் விழுகிற நாட்கள் கொஞ்சம்தான், அதே நாளில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் மண்டபம் மண்டபமாகக் கல்யாணம் நடக்கும். அதனால்தான் முதல் கேள்வி இது: “அன்றைக்கு உங்களுக்கு எத்தனை கல்யாணம்? எங்களுடையதுக்கு நீங்களே வருவீர்களா?” பல ஸ்டூடியோக்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று ஓடர் எடுத்து, வெளி ஆட்களை அனுப்புவார்கள். அது குற்றமில்லை, ஆனால் வரப்போகிறவர் யார், அவர் எடுத்த வீடியோ எங்கே என்று கேட்டு அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓனர் எடுத்ததைக் காட்டி உதவியாளரை அனுப்பினால் நாம் பார்த்தது ஒன்று, கிடைப்பது ஒன்று.

கூடவே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார் என்றும் கேட்டு வையுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை, பேர் சொல்லட்டும்.

டிரெய்லரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மூன்று நிமிட டிரெய்லர் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும், பாட்டே பாதி வேலையைச் செய்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கல்யாணத்தின் முழு வீடியோவை, முதலிலிருந்து கடைசி வரை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்க்கும்போது நான் மூன்று இடத்துக்கு ஓட்டுவேன். ஒன்று தாலி கட்டும் இடம், மறைக்காமல் தெரிகிறதா? இன்னொன்று ஆசீர்வாத வரிசை, வருகிறவர்கள் முகம் தெரிகிறதா அல்லது முதுகு மட்டுமா? மூன்றாவது, விடியக் காலையில் பொண்ணு வீட்டில் எடுத்த பகுதி. லயன் காம்பராவுக்குள்ளே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் சின்ன அறைக்குள்ளே, ஒற்றை பல்ப் வெளிச்சத்தில் எடுத்ததைப் பார்த்தாலே கமராக்காரரின் கை தெரிந்துவிடும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்திருந்தால், அல்லது முகத்துக்கு நேரே லைட் அடித்து எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், எழுந்து வந்துவிடலாம்.

நம் சடங்கு அவருக்குத் தெரியுமா

நம் பக்கத்தில் சிங்கள வீடியோக்காரர்கள் நிறையப் பேர், அவர்களில் அருமையாக எடுப்பவர்களும் உண்டு. சித்தப்பா மகள் கல்யாணத்தை எடுத்தவர் சிங்களவர்தான், இன்றும் அவரைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் பொருவ சடங்குக்குப் பழகிய கண்ணுக்கு நலுங்கு எப்போது முடியும், கூறைப்புடவையை எப்போது கொடுப்பார்கள், பொண்ணு எந்தப் பக்கமாக வந்து உட்காருவாள் என்பது தெரியாது. தமிழ்ப் பொடியன் என்றாலும் எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள், ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும்.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பந்தக்கால், நலுங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாய்மாமன் சீர், கன்னிகாதானம், தாலி, அம்மி மிதித்தல், மொய், மறுவீடு. பக்கத்தில் நேரமும் யார் செய்வார் என்பதும் இருக்கட்டும். ஐயரிடம் ஒரு தடவை கேட்டு வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேர்ச்சில் கல்யாணம் என்றால் எங்கே நிற்கலாம், லைட் போடலாமா என்று பாதரிடம் முன்கூட்டியே பேசுவது வீடியோக்காரரின் வேலையா உங்கள் வேலையா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் முக்கியமான விஷயம். கட்டாயம் படத்தில் வர வேண்டிய வயதானவர்களின் பட்டியல். பேரை எழுதினால் அவருக்கு ஆளைத் தெரியாது, அதனால் குடும்பத்தை அறிந்த ஒரு மருமகனையோ மச்சினனையோ கமராக்காரரோடு ஒட்டிவிட வேண்டும். “அந்தப் பச்சைச் சேலை அம்மாயி, தூணுக்குப் பக்கத்தில்” என்று காட்டுவதுதான் அவன் வேலை. அவனுக்குப் பந்தி பரிமாறும் வேலையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி கல்யாணத்தில் அந்தத் தவறைச் செய்தேன், பையன் பாதி நேரம் ரசவாளியோடு நின்றான்.

பனி, மழை, வெளிச்சம்

கொழும்பில் எழுதிய கேள்விப் பட்டியல்களில் இது இருக்காது, நமக்கோ இதுதான் தலையாய விஷயம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, தையில் சில விடியலில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். அதைவிடத் தொல்லை, வெளியே குளிரில் இருந்த கமராவை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்த உடனே லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படியும். பழகியவர்கள் கமராவைப் பையிலிருந்து எடுக்காமல் மண்டபத்துக்குள் அரைமணி நேரம் வைத்து, உள்ளேயிருக்கும் சூட்டுக்குப் பழக விட்டு அப்புறம்தான் திறப்பார்கள். “லென்ஸில் பனி பிடித்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் மலையில் வேலை செய்த ஆள்.

மழையும் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் இல்லை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கனமாக இருக்கும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஹட்டனில் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தால் கூடவே ஒரு மாற்று இடமும் சொல்லச் சொல்லுங்கள். மத்தியானம் தாண்டினால் மூடுபனி இறங்குகிற இடங்களில், ஜோடியை வெளியே எடுப்பதைக் காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பாதையும் இதோடு சேர்ந்ததுதான். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக வருகிறவருக்குக் கினிகத்தேனைப் பக்கம், கண்டியிலிருந்து வருகிறவருக்கு ரம்பொடைப் பக்கம், பெரிய மழைக்கு மண் சரிந்தால் மணிக்கணக்கில் வண்டி நிற்கும். வெளியூர் ஆள் என்றால் முந்திய இரவே வந்து தங்க வேண்டும் என்று பேசி, தங்குமிடம் யார் செலவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நுவரெலியா சீசன் நேரத்தில் ரூம் விலை எகிறிவிடும், அதையும் கணக்கில் எடுங்கள். தோட்டத்துக்குள் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அவருடைய கார் ஏறுமா, திரீவீல் வைக்க வேண்டுமா என்பதை அன்று காலையில் கண்டுபிடிக்காதீர்கள்.

விளக்கு பற்றி ஒரு சின்னக் கேள்வி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவு எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, வேறு மாதிரி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு ஓடும். மண்டபத்து விளக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பாரா என்று கேட்டால் போதும், மிச்சம் அவர் பாடு. கரண்ட் போனால் தன் லைட்டுக்கு என்ன வைத்திருக்கிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள், மண்டபத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் தாலி கட்டுவார்கள், நம் ராசி அப்படி.

சத்தம்

இதைக் கேட்க எல்லோரும் மறந்துபோவார்கள். கமராவில் இருக்கிற மைக்கை மட்டும் நம்பி எடுத்த வீடியோவில் கெட்டிமேளம் வரும்போது சத்தம் உடைந்து கரகரவென்று இருக்கும், அதற்கு முன்னால் ஐயர் சொன்னது ஒன்றும் கேட்காது, கன்னிகாதானத்தில் அப்பா தழுதழுத்துப் பேசியது காணாமல் போயிருக்கும். கேட்க வேண்டியது: மாப்பிள்ளைக்கோ ஐயருக்கோ சட்டையில் குத்தும் சின்ன மைக் வைப்பாரா, ஸ்பீக்கர் செட்காரரின் மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிவெடுப்பாரா, நாதஸ்வரமும் தவிலும் நெருக்கத்தில் வாசிக்கும்போது அளவைக் குறைக்க ஆள் இருக்கிறாரா. சட்டையே போடாமல் உட்காரும் மாப்பிள்ளைக்கு மைக்கை எங்கே குத்துவது என்று தம்பி கல்யாணத்தில் பெரிய ஆராய்ச்சி நடந்து, கடைசியில் மாலைக்குள்ளே ஒளித்து வைத்தார்கள். பூ உரசுகிற சத்தம் கொஞ்சம் வந்தது. பரவாயில்லை, அவன் தாலி கட்டும்போது “முடிச்சு வழுக்குதும்மா” என்று அக்காவிடம் சொன்னதும் வந்தது.

இன்னொன்று. எடிட்டிங்கில் அசல் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடுவது வழக்கமாகிவிட்டது. சுருக்க வீடியோவுக்கு அது சரி. முழு வீடியோவில் மேளமும் மந்திரமும் ஆட்கள் பேசுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாட்டு மூடிய வீடியோவைப் பேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஏற்றினால் உரிமைப் பிரச்சினையில் சத்தத்தை முடக்கிவிடவும் கூடும்.

தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம்

எத்தனை கமரா? இரண்டுக்குக் குறைந்தால் வேண்டாம். ஒன்று ஸ்டாண்டில், உயரத்தில், அசையாமல் மணவறையைப் பார்த்தபடி ஓட வேண்டும், ஆள் இல்லாவிட்டாலும் சரி. இன்னொன்று கையில். அக்கா கல்யாணத்தில் போட்டோக்காரர் படம் பிடிக்க முன்னால் பாய்ந்து வீடியோவை மறைத்தார், அவருக்குப் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும். வீடியோவில் தெரிவது ஒரு நீலச் சட்டையின் முதுகு.

போட்டோவும் வீடியோவும் வேறு வேறு ஆட்கள் என்றால் இருவரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்து, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முதலே பேச வைத்துவிடுங்கள். சொந்தக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்வது கமராக்காரரால் முடியாத காரியம், அதற்குத் தாய்மாமன் மாதிரிக் குரல் உள்ள ஒருவரை நியமியுங்கள்.

ட்ரோன், ப்ரீ ஷூட், தேயிலை மலை

ட்ரோன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நம் ஊரை மேலேயிருந்து பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் பதிவும் அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிப்படி இருக்கிறதா என்று கேட்டு, பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். காற்றும் மூடுபனியும் இருந்தால் பறக்கவிட மாட்டேன் என்று சொல்கிற ஆளை நம்பலாம். பறக்கவில்லை என்றால் அந்தக் காசு கழியுமா? இதையும் கேட்க வேண்டும்.

தேயிலைக்குள் ப்ரீ ஷூட் எடுப்பதானால் அது கம்பனித் தோட்டம், துரையிடம் (தோட்ட மேனேஜரிடம்) அனுமதி வாங்குவது நல்லது, நம் வீடு அங்கேயே இருந்தாலும். வெளியூர்க் கமராக்காரருக்குத் தெரியாத ஒன்று: எல்லா மலையும் எப்போதும் பச்சையாக இருக்காது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சியும் கட்டையும்தான் நிற்கும். எந்த நம்பர் மலை இப்போது கொழுந்தோடு இருக்கிறது என்று கங்காணியைக் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். ஈர நாளில் அட்டை வேறு, பட்டுச் சேலைக்குள் ஏறிய பிறகு பொண்ணின் முகத்தில் காதல் பாவமெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு: அது ரயில் ஓடும் பாதை, கூட்டமும் அதிகம், ரயில் நேரத்தைத் தெரிந்துகொண்டு விடிந்ததும் போய்விட்டு வந்துவிடுங்கள்.

நேரலை வேண்டுமென்றால்

கட்டார் அண்ணனுக்காக நேரலை கேட்டால் எல்லோரும் “செய்யலாம்” என்பார்கள். மண்டபத்துக்குள்ளேயே நின்று எந்தச் சிம் எடுக்கிறது, அப்லோட் வேகம் எவ்வளவு என்று சோதித்தாரா? 720 தரத்துக்கு நிலையாக 4 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 4 மெகாபிட்) மாதிரி இருந்தால் ஓடும். மலை மறைப்பில் இருக்கும் மண்டபத்தில் வாசலில் நாலு கோடு காட்டும், மணவறையில் ஒன்றும் இருக்காது. யூடியூபில் முதல் தடவை நேரலை திறக்க 24 மணி நேரம் வரை எடுக்கலாம், போனிலிருந்து போடுவதென்றால் அந்தச் சேனலுக்கு 50 பேராவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். புதுச் சேனல் திறந்துவிட்டு அன்று காலையில் முழிக்காதீர்கள். நேரலைக்குத் தனிப் போன், தனி ஆள். பதிவெடுக்கிற கமராவை அதற்கு மாட்டக் கூடாது.

எடுத்தது பத்திரமாக இருக்குமா

கமராவில் இரண்டு கார்ட் போட்டு ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவாகுமா? அன்று இரவே வேறு டிஸ்க்கில் பிரதி எடுப்பாரா? கார்டை எப்போது அழிப்பார்? 4கே தரத்தில் 100 எம்பிபிஎஸ் அளவில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும், விடியலில் தொடங்கி மறுவீடு வரை இரண்டு கமரா ஓடினால் நானூறு ஐந்நூறு ஜிபிக்குக் குறையாது. இதற்கு எத்தனை கார்ட் கொண்டுவருகிறார் என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் கணக்குச் சொல்வார். தெரியாதவர் “அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்பார்.

வெட்டாத அசல் பதிவையும் கேளுங்கள். அதற்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுக்கலாம், டிஸ்க்கை நாமே வாங்கிக் கொடுத்தால் மனம் இளகுவார்கள். அப்பாயி அன்றைக்கு மூன்று மணி நேரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கமரா எத்தனையோ தடவை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். நாங்கள் அசலைக் கேட்டுப் போனபோது கார்ட் எப்போதோ அழிந்திருந்தது.

காசு, நாள், கையெழுத்து

வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு பக்கத் தாள் போதும். மொத்தத் தொகை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார், கூடுதல் மணிக்கு எவ்வளவு, பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, முழு வீடியோ எத்தனை வாரத்தில், திருத்தம் எத்தனை தடவை. மூன்றில் ஒரு பங்கையாவது வீடியோ கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பது என்று பேசுங்கள், முழுக் காசும் கல்யாணத்தன்றே போய்விட்டால் அப்புறம் நாம்தான் போன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேதி மாறினால், வீட்டில் துக்கம் நேர்ந்து கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னாகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

எங்களைக் கேட்காமல் பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் போடக் கூடாது, குடித்துவிட்டு ஆடியவர்களையும், பந்தியில் வாய் நிறையச் சோறோடு இருப்பவர்களை நெருக்கத்தில் எடுத்ததையும் எடிட்டிங்கில் தூக்கிவிட வேண்டும். பந்தியை எடுக்கட்டும், இலை போடும்போதும் பரிமாறும்போதும் எடுத்தால் அழகு. வந்திருக்கும் இளம் பெண்களையே சுற்றிச் சுற்றி எடுக்கிற உதவியாளர்கள் உண்டு, அதைப் பற்றி முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவது மட்டும் நம் பொறுப்பு, கடைசிப் பந்தியில் காயும் கறியும் தீர்ந்த பிறகு கூப்பிட்டால் அந்த மனநிலை வீடியோவில் தெரியும்.

பேர் எழுத்து. தம்பியின் வீடியோ முதல் பிரதியில் மணமகள் பேரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, சில எடிட்டிங் மென்பொருளில் தமிழ் அப்படித்தான் உடையும். பேர்களை நீங்களே தட்டச்சு செய்து அனுப்பி, தலைப்பு வரும் இடத்தை மட்டும் படமாக அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

கடைசியாக, கையில் தருவது எதில்? டிவிடி வேண்டாம், போட்டுப் பார்க்க மெஷின் எந்த வீட்டிலும் இல்லை. பென் டிரைவ் என்றால் எம்பி4, எச்.264 வகையில் கேளுங்கள், புது வகையில் கொடுத்தால் பழைய டிவியில் படம் வராமல் சத்தம் மட்டும் வரும். பழைய டிவிகள் பல பேட்32 முறையில் போர்மட் செய்த டிரைவைத்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எனவே வீடியோவை நலுங்கு, தாலி, ஆசீர்வாதம், மறுவீடு என்று துண்டு துண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தம்பி கல்யாணத்தை அப்படி ஆறு துண்டாக வாங்கி, இந்தியா போகிற ஒருவர் கையில் கோத்தகிரிச் சின்னத் தாத்தாவுக்குக் கொடுத்தனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பந்தித் துண்டில் அம்மாயி “எனக்கு ரசம் ஊத்தலையே” என்று கேட்பது மைக்கில் விழுந்திருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொல்லித் தாத்தா பேரனைத் தூங்கவிடவில்லையாம்.